செயலிழந்த சிறுநீரகத்தில் வரும் புற்றுநோய்: டயாலிசிஸ் செய்வோரும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும் அறிய வேண்டியவை

மொரீஷியஸில் வயது வந்தோரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வராமல் போனால் அடிபடும் உறுப்புகளில் சிறுநீரகம் முக்கியமானது. ஆகவே டயாலிசிஸ் என்ற சொல்லைத் தன் உறவு வட்டத்துக்குள் கேட்டறியாத தமிழ்க் குடும்பம் இந்தத் தீவில் இன்று அரிது என்றே சொல்லலாம். அரசு மருத்துவமனைகளில் இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. பொதுவாக வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைந்திருக்கும் நோயாளிக்கு, எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், உப்பை எப்படிக் குறைக்கலாம், எந்தப் பழத்தில் பொட்டாசியம் மிகுதி என்பனவெல்லாம் நாளடைவில் மனப்பாடமாகிவிடுகின்றன. ஆனால், வேலை செய்வதை நிறுத்திவிட்ட இரண்டு சிறுநீரகங்களும் இன்னும் தம் உடம்புக்குள்ளேயே இருக்கின்றன என்பதும், அவற்றில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அதை எளிமையாகவும், தேவையற்ற அச்சம் தராத வகையிலும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. டயாலிசிஸ் தொடங்கும்போது பழைய சிறுநீரகங்களை யாரும் அகற்றுவதில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் அறுவையின்போதும் பெரும்பாலும் அகற்றுவதில்லை. புதிய சிறுநீரகம் முதுகுப்புறத்தில் பழையது இருந்த இடத்தில் வைக்கப்படுவதில்லை. அடிவயிற்றில், இடுப்பெலும்பின் உட்பக்கமாக, வலப்புறத்திலோ இடப்புறத்திலோ வைக்கப்பட்டு, அங்குள்ள பெரிய இரத்தக் குழாய்களோடும் சிறுநீர்ப்பையோடும் இணைக்கப்படுகிறது. ஆகவே மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒருவர் உடம்பில் பெரும்பாலும் மூன்று சிறுநீரகங்கள் இருக்கும். பழையவை மிகப் பெரிதாக வீங்கி இடத்தை அடைத்துக்கொண்டாலோ, அவற்றில் தொற்று மீண்டும் மீண்டும் வந்தாலோ, வேறு தீவிரக் காரணம் இருந்தாலோதான் அவற்றை எடுப்பார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு எல்லாருடைய கவனமும் புதிய சிறுநீரகத்தின் மீதே இருப்பது இயல்பு. இரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் அளவு, மருந்தின் அளவு, சிறுநீரின் அளவு எல்லாமே அதைப் பற்றியவைதான். ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றோருக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தோன்றுவது பழைய சிறுநீரகங்களில்தான். புதியதில் தோன்றுவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியுமென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்யாத, சுருங்கிப்போன ஓர் உறுப்பில் புற்றுநோய் எப்படி வரும் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சிறுநீரகத்தின் வேலை நின்றுவிட்டது என்றால் அதிலுள்ள உயிரணுக்கள் எல்லாம் மடிந்துவிட்டன என்று பொருளல்ல. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் வடிகட்டும் அலகுகள் இருக்கின்றன. ஒவ்வோர் அலகிலும் ஒரு வடிகட்டியும், அதைத் தொடர்ந்து நுண்ணிய குழல் ஒன்றும் உண்டு. நோயால் இவற்றில் பெரும்பகுதி அழிந்துபோகும்போது, எஞ்சியவை முழுச் சுமையையும் தாங்கப் பார்க்கின்றன. பத்துப் பேர் வெட்ட வேண்டிய கரும்பு வயலை இரண்டு பேரை வைத்து வெட்டச் சொன்னது போன்ற நிலை அது. அந்தக் குழல்களின் சுவரிலுள்ள உயிரணுக்கள் பெருத்து, வளர்ச்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களின் தூண்டுதலால் மீண்டும் மீண்டும் பிரிகின்றன. பிரிந்து பெருகும் உயிரணுக்கள் குழலை அகலச் செய்கின்றன, அகன்ற இடத்தில் திரவம் தேங்குகிறது, நீர்க்கட்டிகள் உருவாகின்றன. உயிரணு எத்தனை முறை பிரிகிறதோ அத்தனை முறை அதன் மரபணுவில் பிழை நேரும் வாய்ப்பும் இருக்கிறது. அதோடு, இரத்தத்தில் முழுமையாக நீங்காத கழிவுப் பொருள்களும் நெடுநாள் அழற்சியும் சேர்ந்துகொள்கின்றன. இப்படிச் சேரும் பிழைகளால், சில நீர்க்கட்டிகளின் சுவரிலிருந்தோ நீர்க்கட்டி இல்லாத பகுதியிலிருந்தோ புற்றுநோய் தொடங்குகிறது.

இந்த நிலையை முதன்முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த டன்னில் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆவர். நெடுங்காலம் டயாலிசிஸ் செய்து இறந்துபோன 30 பேரின் சிறுநீரகங்களை ஆராய்ந்து, அவர்களில் 14 பேருக்கு முன்பு இல்லாத நீர்க்கட்டிகள் புதிதாகத் தோன்றியிருந்ததையும், சிலருக்குக் கட்டிகளும் இருந்ததையும் 1977இல் வெளியிட்டார்கள். அதற்குப் பின்னர் நடந்த ஆய்வுகளின்படி, டயாலிசிஸ் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் பத்திலிருந்து இருபது விழுக்காட்டினருக்கும், ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், பத்து ஆண்டுகளைக் கடந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் இத்தகைய நீர்க்கட்டிகள் காணப்படுகின்றன. இயந்திரத்தின் மூலம் செய்யும் டயாலிசிஸ், வயிற்றறையின் வழியே செய்யும் டயாலிசிஸ் இரண்டிலும் இது வரலாம். ஏனென்றால் இதற்கு வித்திடுவது சிறுநீரகச் செயலிழப்பே தவிர டயாலிசிஸ் இயந்திரம் அல்ல. டயாலிசிஸ் தொடங்கும் முன்பே சிலருக்கு நீர்க்கட்டிகள் தொடங்கியிருக்கும். டயாலிசிஸ்தான் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று எவராவது சொல்லி, அதை நம்பி ஒருவர் சிகிச்சையை நிறுத்திவிட்டால், அது சில நாட்களிலேயே உயிரைப் பறிக்கும் முடிவாகிவிடும். அப்படிச் சொல்பவர்களுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

இந்த நீர்க்கட்டிகள் பரம்பரையாக வரும் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோயிலிருந்து வேறானவை. பரம்பரை நோயில் சிறுநீரகங்கள் மிகப் பெரியனவாக வளர்கின்றன, கல்லீரலிலும் நீர்க்கட்டிகள் வரலாம், பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. நாம் இங்கே பேசுவதோ செயலிழப்புக்குப் பின் தோன்றுவது. சிறுநீரகம் பொதுவாகச் சுருங்கியே இருக்கும், நீர்க்கட்டிகள் சிறியவை, பிள்ளைகளுக்குக் கடத்தப்படுபவையும் அல்ல. ஸ்கேன் அறிக்கையில் நீர்க்கட்டிகள் என்ற சொல்லைப் பார்த்தவுடன், தம் குழந்தைகளுக்கும் வந்துவிடுமோ என்று கலங்கும் பெற்றோர் இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது.

ஆபத்து எவ்வளவு? அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் டயாலிசிஸ் செய்த எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஒன்றுசேர்த்து 1999இல் வெளியான பெரிய ஆய்வு, அவர்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கணக்கிட்டது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரிடையே இதைவிடக் கூடுதலான மடங்குகள் பல நாட்டுப் பதிவுகளில் காணப்பட்டுள்ளன. மடங்கு என்ற சொல் அச்சமூட்டும். ஆனால் அடிப்படையில் அரிதாக இருக்கும் ஒரு நோய் பல மடங்கு ஆனாலும், நூறு பேரில் சிலருக்கு வரும் நோயாகவே அது இருக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளின் உயிரை மிகுதியாகப் பறிப்பவை இதய நோய்களும் தொற்றுகளுமே. எனவே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் புறக்கணித்துவிட்டுப் புற்றுநோயைப் பற்றி மட்டும் இரவும் பகலும் கவலைப்படுவது பொருந்தாது. அதேவேளை, நீண்ட காலம் டயாலிசிஸில் இருப்பவர்கள், ஆண்கள், நீர்க்கட்டிகள் பல உள்ளவர்கள், புகைபிடிப்பவர்கள், குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய் வரலாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து சராசரியைவிட மிகுதி. இளம் வயதிலேயே டயாலிசிஸ் தொடங்கி, இன்னும் நெடுங்காலம் வாழ வேண்டியவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் கிடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடுமா? புதிய சிறுநீரகம் நன்றாக இயங்கத் தொடங்கிய பின், பழையவற்றிலுள்ள நீர்க்கட்டிகள் சிலருக்குச் சுருங்குகின்றன. ஆயினும் அதற்கு முன்பே பிழையேறிய உயிரணுக்கள் அங்கேயே இருக்கின்றன. அதோடு, பொருத்தப்பட்ட உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. இவை நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கின்றன. நம் உடம்பில் நாள்தோறும் எங்கோ தோன்றும் பிழையுள்ள உயிரணுக்களைக் கண்டு அழிக்கும் பணியும் அந்த எதிர்ப்பு ஆற்றலுடையதே. அது தளரும்போது அவற்றில் சில தப்பிப் பிழைத்து வளர்கின்றன. தோல் புற்றுநோயும் நிணநீர்ப் புற்றுநோயும் மாற்றுறுப்புப் பெற்றோருக்கு மிகுதியாக வருவதற்கும் இது முக்கியக் காரணம். இதைப் படித்துவிட்டு மருந்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்று எண்ணுவோருக்கு உறுதியாகச் சொல்கிறேன்: மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடக் கூடாது. புற்றுநோய் வரக்கூடும் என்பது ஒரு வாய்ப்பு மட்டுமே. மருந்தை நிறுத்தினால் உறுப்பை உடல் தள்ளிவிடுவதோ ஏறக்குறைய நிச்சயம்.

இந்தப் புற்றுநோயின் அறிகுறிகளைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் செய்தி, தொடக்கத்தில் அறிகுறியே இருக்காது என்பதுதான். பொது மக்களுக்குச் சிறுநீரில் இரத்தம் வருவது எச்சரிக்கையாக அமைகிறது. டயாலிசிஸ் செய்வோரில் பலருக்குச் சிறுநீரே மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ போவதால், அந்த எச்சரிக்கையும் கிடைப்பதில்லை. சிறிதளவு சிறுநீர் வருபவர்கள் அது சிவந்தோ தேநீர் நிறத்திலோ இருந்தால் அன்றே சொல்ல வேண்டும். விலாப்புறத்தில் நீங்காத வலி, காரணம் தெரியாத காய்ச்சல், உணவு மாறாமல் உடல் எடை குறைவது ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். திடீரென்று விலாவில் கடும் வலியும் மயக்கமும் வந்தால், நீர்க்கட்டி ஒன்று உடைந்து உள்ளே இரத்தம் கசிவதாக இருக்கலாம். டயாலிசிஸின்போது இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கப்படுவதால் இக்கசிவு பெருகக்கூடும், ஆகவே அது அவசர நிலை. இன்னொன்றும் உண்டு. இரத்தசோகைக்காக ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்த ஊசி இல்லாமலேயே ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கினால், நல்லதாயிற்று என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேட்க வேண்டும். நீர்க்கட்டிகளும் சில கட்டிகளும் இரத்த உற்பத்தியைத் தூண்டும் பொருளைச் சுரப்பதால் இப்படி நேர்வதுண்டு.

அறிகுறியை நம்பியிருக்க முடியாது என்பதால்தான் ஸ்கேன் முக்கியமாகிறது. அல்ட்ராசவுண்ட் எளியது, வலியற்றது, கதிர்வீச்சு இல்லாதது. ஆனால் சுருங்கி, நீர்க்கட்டிகளால் நிறைந்திருக்கும் சிறுநீரகத்தில் ஒரு சிறு கட்டியை அதனால் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. ஐயம் எழுந்தால் அடுத்த படி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஆகும். நரம்பின் வழியே செலுத்தப்படும் சாயம் ஒரு கட்டிக்குள் ஏறினால், அங்கே இரத்த ஓட்டமுள்ள திசு இருக்கிறது என்று பொருள். வெறும் நீர்க்கட்டிக்குள் சாயம் ஏறாது. இந்த அடிப்படையில் நீர்க்கட்டிகளைத் தரம் பிரிக்கும் முறைக்கு, 1986இல் அதை வகுத்த மருத்துவரின் பெயரால் போஸ்னியாக் வகைப்பாடு என்று பெயர். அறிக்கையில் போஸ்னியாக் 1 அல்லது 2 என்று இருந்தால் கவலைக்கு இடமில்லை. 2எஃப் என்றால் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் பார்க்க வேண்டும். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி. 4 என்றால் பெரும்பாலும் புற்றுநோயே.

சாயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பழகியவர்கள், சாயத்தோடு ஸ்கேன் என்றவுடன் மறுப்பதுண்டு. இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சிறுநீர் முற்றிலும் நின்றுபோன டயாலிசிஸ் நோயாளிக்குக் கெடுவதற்கு அங்கே சிறுநீரகச் செயல்பாடு மிச்சமில்லை. ஆகவே அவருக்குச் சி.டி. சாயத்தைக் கொடுப்பதில் அந்தத் தடை பெரும்பாலும் பொருந்தாது. இன்னும் ஓரளவு சிறுநீர் வருபவர்களுக்கும், மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களுக்கும் மட்டும் மருத்துவர்கள் நன்மையையும் தீமையையும் எடைபோட்டுப் பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ.யில் பயன்படும் காடோலினியம் சாயத்தின் பழைய வகைகள் சிறுநீரகம் செயலிழந்தோருக்குத் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் கொடிய நோயைத் தந்ததுண்டு. இன்று பயன்படுத்தப்படும் புதிய வகைகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. நுண்குமிழிகளைச் சாயமாகக் கொண்டு செய்யும் அல்ட்ராசவுண்டும் சில இடங்களில் கிடைக்கிறது. அதன் வாயு மூச்சு வழியே வெளியேறிவிடுவதால் சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை.

எல்லா டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் ஆண்டுதோறும் ஸ்கேன் செய்ய வேண்டுமா என்பதில் உலக மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. முதுமையும் இதய நோயும் சேர்ந்து, அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத நிலையில் இருப்பவருக்கு ஒரு சிறு கட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதால் பயனில்லை, மனவேதனைதான் மிஞ்சும். மாற்றுச் சிறுநீரகம் பெறத் தகுதியுள்ளவர்களின் நிலை வேறு. கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற பன்னாட்டுச் சிறுநீரக மருத்துவ அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ டயாலிசிஸ் செய்தவர்கள், நீர்க்கட்டிகள் தோன்றியவர்கள், குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய் உள்ளவர்கள், நெடுநாள் வலிநிவாரணி மாத்திரைகளால் சிறுநீரகம் கெட்டவர்கள் ஆகியோருக்கு மாற்று அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்ட் செய்யப் பரிந்துரைத்திருக்கிறது. என் கருத்தும் அதுவே: மூன்றாம் ஆண்டைக் கடந்தவர்கள், உடல்நிலை அறுவை சிகிச்சைக்கு இடம் தருமென்றால், தம் சிறுநீரக மருத்துவரிடம் இதைத் தாமாகவே கேட்க வேண்டும்.

மொரீஷியஸ் மக்களுக்கு இங்கே தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மாற்றுச் சிறுநீரக அறுவைக்காகச் சென்னைக்கோ இந்தியாவின் வேறு நகரங்களுக்கோ சென்று திரும்பியவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அறுவை செய்த மருத்துவர் ஒரு நாட்டில், பின்னர் கவனிக்கும் மருத்துவர் மற்றொரு நாட்டில் என்று ஆகும்போது, பழைய சிறுநீரகங்களைப் பற்றிய செய்தி இடையில் தொலைந்துபோவது எளிது. ஆகவே ஊர் திரும்பும் முன், அங்கே எடுத்த ஸ்கேன்களின் அறிக்கையையும் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் இருந்தனவா, அவற்றின் அளவு என்ன என்பது அதில் எழுதப்பட்டிருக்கட்டும். பிற்காலத்தில் இங்கே எடுக்கும் ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தால், அது புதியதா பழையதா, வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய படமே உதவும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட் எழுதிக் கொடுக்கும்போது, பழையவற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்வதில் தவறில்லை. பெரும்பாலும் அடிவயிற்றை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடுவதுண்டு.

மூலிகைகளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரிஸ்டோலோகியா என்ற தாவர இனத்தைச் சேர்ந்த செடிகளில் உள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வதோடு, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் பாதையின் உட்சுவரில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. இது மேலே சொன்ன குழல்களில் தோன்றும் புற்றுநோயிலிருந்து வேறுபட்டது. மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பிறகுகூட எஞ்சிய பழைய பாதையில் தோன்றக்கூடியது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை உட்கொண்ட பெண்கள் பலருக்கு இப்படி நேர்ந்த பிறகே உலகம் விழித்தது. நாம் ஆடுதீண்டாப்பாளை என்றும் ஈசுவரமூலி என்றும் அழைக்கும் செடிகள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. பாட்டி வைத்தியத்தின் மீது எனக்கு மதிப்புண்டு. ஆனால் இந்தச் செடிகளைக் கொண்ட கஷாயத்தையோ சூரணத்தையோ, சிறுநீரகம் நலமாக உள்ளவர்களும் உட்கொள்ளக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

கட்டி கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வார்கள்? பழைய சிறுநீரகம் வேலை செய்யாததால், அதில் ஒரு பகுதியைக் காப்பாற்ற வேண்டிய தேவை பொதுவாக இல்லை. முழுச் சிறுநீரகத்தையும், பெரும்பாலும் சிறு துளைகளின் வழியே, அகற்றிவிடுவார்கள். இத்தகையோருக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஸ்கேனில் தற்செயலாக, சிறியனவாக இருக்கும்போதே தெரிந்துவிடுகின்றன. அவை மெதுவாக வளரும் வகையாகவும் பெரும்பாலும் இருப்பதால், அறுவையோடு குணமாகும் வாய்ப்பு மிக நன்று. இரு சிறுநீரகங்களும் ஒரே நிலையில் இருந்தவை என்பதால் மற்றொன்றில் பின்னர் கட்டி வரக்கூடும்; அதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்திலேயே கட்டி தோன்றினால் கதை வேறு. அங்கே முடிந்தவரை கட்டியை மட்டும் வெட்டியெடுத்தோ, ஊசி வழியே வெப்பத்தாலோ குளிராலோ அழித்தோ சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். எதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்துகளின் அளவையும் வகையையும் மருத்துவர் மாற்றி அமைக்கலாம். சிரோலிமஸ், எவரோலிமஸ் வகை மருந்துக்கு மாற்றுவதும் உண்டு. எவரோலிமஸ், முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கே மருந்தாகவும் பயன்படுகிறது.

நோய் பரவிய நிலையில் இன்று பெரிதும் பயன்படுவது எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டிவிடும் நிவோலுமாப் போன்ற மருந்துகள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இவற்றைக் கொடுக்க முடிகிறது. மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களிடம் அதே தூண்டுதல் அந்த உறுப்பையும் தாக்கிவிடக்கூடும். ஏறத்தாழப் பத்தில் நால்வருக்கு உறுப்பு தள்ளப்படும் நிலை வருகிறது. உயிரா, உறுப்பா என்ற அந்தக் கடினமான முடிவை நோயாளியும் குடும்பத்தாரும் புற்றுநோய் மருத்துவர், சிறுநீரக மருத்துவர் இருவரையும் ஒருசேர உட்காரவைத்துப் பேசித்தான் எடுக்க வேண்டும். உறுப்பை இழந்தாலும் டயாலிசிஸுக்குத் திரும்பி வாழ முடியும் என்பது அந்தப் பேச்சில் இடம்பெற வேண்டிய செய்தி.

கட்டி வந்து சிகிச்சை முடிந்த டயாலிசிஸ் நோயாளி, இனி தனக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காது என்று மனமொடிந்து போகத் தேவையில்லை. மேற்சொன்ன 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட 3 சென்டிமீட்டருக்கும் குறைவான கட்டி அகற்றப்பட்டிருந்தால் காத்திருக்கவே வேண்டியதில்லை. அதைவிடப் பெரியதாயினும் தொடக்கநிலையில் இருந்த கட்டி என்றால் குறைந்தது இரண்டு ஆண்டுகளும், மிகப் பெரிதாகிச் சுற்றுத் திசுக்களில் ஊடுருவியது என்றால் குறைந்தது ஐந்து ஆண்டுகளும் நோய் திரும்பாமல் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே மாற்று அறுவையைக் கருதுவார்கள். சிறுநீரகம் தர முன்வந்த உறவினர் இருந்தால், அந்தக் காத்திருப்புக் காலத்தைப் பற்றி அவரிடமும் இப்போதே பேசிவைப்பது நல்லது. இரண்டு ஆண்டுகளில் அவருடைய உடல்நிலையும் மாறலாம், ஆகவே அவருக்கான பரிசோதனைகளை மாற்று அறுவை நெருங்கும்போது மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.